கேசாதிபாதமும் மரவாழையும்

சிற்றிலக்கியத் தாள் நடத்தும் பருவத்தில் ஒவ்வோர் ஆண்டும் கேசாதிபாதத்துக்கு வந்து சேர்வேன். தெய்வத்தைப் பாடினால் பாதத்தில் தொடங்கிக் கூந்தலில் முடிக்க வேண்டும், மானிடரைப் பாடினால் கூந்தலில் தொடங்கிப் பாதத்தில் முடிக்க வேண்டும் என்பது மரபு. கூந்தல் மேகம், நெற்றி பிறை, புருவம் வில், கண் கயல், கழுத்து சங்கு, இடை மின்னல் என்று ஒரு பெண் உறுப்பு உறுப்பாக இறங்கி வருவாள். வகுப்பில் பெரும்பாலும் பெண்கள், அதிலும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். குனிந்து குறிப்பெடுப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து கேட்டாள்: “இவ்வளவும் கேட்டதுக்கு அப்புறமும் அந்தப் பொண்ண பஸ் ஸ்டாண்டுல பார்த்தா அடையாளம் தெரியாதே மேடம்?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வகைமையைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை எந்த ஆய்வேட்டிலும் நான் படித்ததில்லை. நூறு புலவர்கள் நூறு பெண்களைப் பாடியிருக்கிறார்கள். நூறு பேருக்கும் ஒரே கண், ஒரே இடை. இத்தனை நுணுக்கமாகப் பார்த்தும் ஒருத்தியைக்கூட இன்னொருத்தியிடமிருந்து பிரித்தறிய முடியாத பார்வை அது.

உறுப்பு உறுப்பாகப் பார்ப்பதில் வேறொரு வழியும் உண்டு என்பதை நான் கற்றுக்கொண்டது சேர்வராயன் மலையில்தான்.

மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர் சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஏற்காட்டுக்கு ஏறுவோம். ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர் ஒருவர், பள்ளியில் உயிரியல் நடத்தும் டீச்சர் ஒருவர், இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்துவிடும் செவிலியர், மருந்துக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன், கல்லூரி முடித்து வேலை தேடும் இரண்டு பெண்கள், நான். தலைவர் கிடையாது, சந்தா கிடையாது. எங்களைச் சேர்த்து வைத்தது காட்டு ஆர்க்கிட். தாவரவியலில் பட்டம் பெற்றவர் எங்களில் யாருமில்லை. உயிரியல் டீச்சர்கூட விலங்கியல் படித்தவர். யாருக்காவது ஏதாவது தென்பட்டால் எல்லோரும் அந்த மரத்தைச் சுற்றி நிற்போம். அப்புறம் விசாரணை தொடங்கும்.

விசாரணையில் ஒரே ஒரு சட்டம்: ‘போல’ என்று சொல்லக் கூடாது. காசாளர் அம்மா போட்ட சட்டம் அது. அவர் நாற்பதாண்டு காலம் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தவர். “போல இருக்குன்னா அது வேற ஆள்னு அர்த்தம். என்ன இருக்கோ அதச் சொல்லுங்க” என்பார். கவிதை எழுதுகிற ஒருத்திக்கு இதைவிடக் கடுமையான பயிற்சி வேறு கிடையாது. உவமை வாயருகே வந்து நிற்கும். அதை விழுங்கிவிட்டு இலையை எண்ண வேண்டும்.

ஆர்க்கிடைப் பூவை வைத்து அறியலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆண்டில் பெரும்பாலான நாட்களில் அது பூப்பதில்லை. ஆகவே வேரிலிருந்தும் இலையிலிருந்தும் தொடங்க வேண்டும். மலையடிவாரத்து மாந்தோப்புகளிலும் மேலே எஸ்டேட் ஓரத்து மரங்களிலும் அடிக்கடி கண்ணில் படுபவை இரண்டு. ஒன்று வாண்டா டெசலேட்டா, மற்றொன்று அகாம்பே ப்ரேமோர்சா. இரண்டுக்கும் தண்டின் இரு பக்கமும் வரிசையாக அடுக்கிய வார் இலைகள். இரண்டின் இலைநுனியும் யாரோ பல்லால் கடித்துத் துப்பியதாகத் தெரியும். ப்ரேமோர்சா என்ற லத்தீன் சொல்லுக்கே நுனி கடிபட்டது என்றுதான் பொருள். அகாம்பேயின் இலை தடித்தது, தோல் வாரின் விறைப்பு கொண்டது. வாண்டாவின் இலை அதைவிட ஒடுக்கம், நடுவில் மடிந்திருக்கும். பூத்துவிட்டால் குழப்பமே இல்லை. வாண்டாவின் பூ நான்கைந்து சென்டிமீட்டர் அகலம், மஞ்சளும் பச்சையும் கலந்த இதழில் பழுப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக ஓடும், கீழிதழில் நீலமோ ஊதாவோ ஏறியிருக்கும். அகாம்பேக்கு ஒரு சென்டிமீட்டர் சுமாருக்குச் சின்னப் பூ, மஞ்சளில் செம்பழுப்புப் பட்டைகள், வெள்ளைக் கீழிதழ், இலையை விடக் குட்டையான கொத்து. வளையாதது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அகாம்பே என்ற பெயர். வேலை தேடும் பெண்களில் ஒருத்தி அதைக் கேட்டதும் தன் வாட்ஸப் பெயரை அகாம்பே என்று மாற்றிக்கொண்டாள். இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

இப்படி ஒரு செடியை அறிய அரை மணி நேரம் ஆகும். டீச்சர் காம்பைப் பார்ப்பார், செவிலியர் வேரைத் தொட்டுப் பார்ப்பார், மருந்துக்கடை அண்ணன் முகர்ந்து பார்ப்பார், காசாளர் அம்மா எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார். கடைசியில் ஒரு பெயரில் வந்து நிற்போம். பார்க்கப்படுவது அந்தச் செடிதான். அது எதற்கும் உவமையாவதில்லை, யாருடைய ஏக்கத்தையும் சுமப்பதில்லை. பக்கத்து மரத்தில் இருப்பதிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்பது ஒன்றுதான் கேள்வி. என் மாணவி கேட்டதும் அதைத்தான்.

மாந்தோப்புக்காரர்கள் இந்தச் செடிகளைச் சுரண்டி எறிவார்கள். புல்லுருவி என்று நினைப்பு. ஒரு முறை எஸ்டேட் ஒன்றில் பலாமரத்தடியில் நின்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது காப்பிப் பழம் பறிக்க வந்த ஓர் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சேர்வராயன் மலையின் பழங்குடியான மலையாளி இனத்தவர், ஐம்பது வயது இருக்கும். “அது மரத்த உறிஞ்சாதுங்க டீச்சர், சும்மா குந்தியிருக்கும்” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “மரம் பட்டுப்போனா புல்லுருவி கூடவே காய்ஞ்சிடும். இது பட்ட மரத்துலயும் பூக்குதுங்களே.”

ஒட்டுண்ணிக்கும் தொற்றுத் தாவரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு மேல் சுருக்கமாக ஒரு பாடநூல் சொல்லிவிட முடியாது. ஆர்க்கிடின் காற்றுவேரைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையில் பஞ்சுறை ஒன்று இருக்கும். மழையையும் பனியையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். நனைந்தால் உள்ளிருக்கும் பச்சை தெரியும். மரத்திடம் அது வாங்கிக்கொள்வது இடம் மட்டும்தான். இத்தனைக்கும் வாண்டா என்ற பெயர் வந்த வடசொல்லே மரத்தில் ஒட்டிப் பிழைக்கும் செடியைக் குறிப்பது. ஒட்டிப் பிழைக்கிறாள் என்ற சொல்லை அடுப்படியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். என் பெரியம்மாவைப் பற்றி அப்படித்தான் சொன்னார்கள். கணவனை இழந்து, தம்பி வீட்டுத் திண்ணையில் ஒரு பெட்டியோடு வந்து தங்கி, அந்த வீட்டின் அத்தனை பிள்ளைகளுக்கும் சோறு வடித்தவர் அவர். யார் யாரை உறிஞ்சினார்கள் என்பதைச் சொல்ல அங்கே ஒரு காப்பிப் பழக்காரம்மா இல்லை.

ஆர்க்கிட் என்ற பெயருக்கு வருகிறேன். வகுப்பில் சொன்னால் சிரிப்பொலி அடங்க நேரமாகும். கிரேக்கத்தில் ஆர்க்கிஸ் என்றால் விரை. ஐரோப்பியத் தரை ஆர்க்கிட்களின் இரட்டைக் கிழங்கைப் பார்த்து வைத்த பெயர். உலகெங்கும் பெண்மையின் அடையாளமாக விற்கப்படும் பூவுக்கு ஆணின் விதைப்பையே பெயர். தமிழில் விரை என்ற அதே சொல்லுக்கு மணம் என்றும் பொருள் உண்டு. நம் பழைய நூல்களில் விரை கமழும் மலர்களுக்குக் கணக்கில்லை. மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு தற்செயல் எப்போதாவதுதான் வாய்க்கும். மற்றப் பெயர்களும் லேசுப்பட்டவை அல்ல. நீலகிரியிலும் பழனி மலையிலும் மழைக்குப் பிறகு புல்வெளியில் இளஞ்சிவப்பாக நிற்கும் சேட்டிரியம், காமவெறி பிடித்த பாதி மனித, பாதி ஆட்டுத் தேவதைகளின் பெயரில் இருக்கிறது. ராபர்ட் வைட் 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியத் தாவரங்களைப் பெரிய படத் தொகுதிகளாக வெளியிட்டபோது அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள். நன்றிக்கடனாகக் கோவிந்தூயியா என்று ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குப் பெயர் வைத்தார் வைட். பின்னால் வந்த வகைப்பாட்டியலார் அதை டிராபிடியாவோடு சேர்த்துவிட்டார்கள். கோவிந்து அடிக்குறிப்புக்குப் போனார். காட்டுக்குள் போய்ச் செடியைப் பிடுங்கி வந்து கொடுத்தவர்களின் கதை அடிக்குறிப்புக்குக்கூட வரவில்லை.

எனக்குப் பிடித்த பெயர் மரவாழை. மலையாளத்தில் இன்றும் மரவாழ என்றால் ஆர்க்கிட். 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஹோர்த்துஸ் மலபாரிக்குஸில் இட்டி அச்சுதன் முதலான உள்ளூர் மருத்துவர்கள் சொன்ன பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. அதில் ஆஞ்சிலி மரவாழ என்று ஒன்று. ஆஞ்சிலி மரத்தில் வாழும் மரவாழை. இன்று ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா என்று அழைக்கப்படும் நரிவால் ஆர்க்கிட் அது. அசாமில் பிஹு ஆடும் பெண்கள் அதைக் கொண்டையில் சூடுகிறார்கள். கர்நாடக மலைநாட்டில் அதற்குச் சீதாளெ தண்டெ என்று பெயர், சீதையின் மாலை. வனவாசத்தில் சீதைக்கு மிச்சமிருந்த நகை இது ஒன்றுதான் போலும். (காசாளர் அம்மா மன்னிக்க வேண்டும், இந்தப் ‘போலும்’ உவமை இல்லை.)

ஆர்க்கிட் பூவின் நடுவில் ஒரு சிறு தூண் இருக்கும். மற்றப் பூக்களில் மகரந்தத் தாள்கள் தனியாகவும் சூல்தண்டு தனியாகவும் நிற்கும். ஆர்க்கிடில் இரண்டும் ஒன்றாக வளர்ந்து ஒரே தூணாகிவிட்டன. தூணின் உச்சியில் மகரந்தம் பொட்டலமாகக் கட்டி இருக்கும், அதற்குக் கீழே சூல்முடி. கைலென்ஸ் வழியாக இதை முதலில் பார்த்த அன்று டீச்சர் “ஆணும் பெண்ணும் பிரிக்க முடியாம ஒண்ணா வளந்து நிக்குது பாருங்க” என்றார். தமிழ் இலக்கணத்தில் பூ அஃறிணை, ஒன்றன்பால். அதற்கு ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. பூவைப் பெண்ணாக்கியவர்கள் புலவர்கள். இலக்கணக்காரர்கள் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. எங்கள் குழுவில் பூவை ‘அது’ என்றுதான் சொல்வோம்.

புலவர்களிலும் ஒரு விதிவிலக்கு உண்டு, அதுவும் ஒரு தோழியின் வாயில். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் செவிலித்தாயிடம் தலைவியின் காதலைச் சொல்ல வந்த தோழி, அருவியில் ஆடிவிட்டுத் தாங்கள் பறித்துப் பாறையில் குவித்த 99 பூக்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறாள். சில பூக்களுக்குச் சிறிய அடைமொழி, பெரும்பாலானவற்றுக்கு அதுவும் இல்லை, பெயர் மட்டும். பாடம் நடத்தும்போது இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிப்போகும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கோ இங்கேதான் நின்றுவிடத் தோன்றும். அந்த நாளில் இருவரும் எங்கே போனார்கள், என்ன செய்தார்கள் என்று கேட்கும் வீட்டுக்கு அவள் தரும் பதில் அந்தப் பட்டியல். மலையில் திரிந்தோம், இதையெல்லாம் பார்த்தோம், இதற்கெல்லாம் எங்களுக்குப் பெயர் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாலை வீடு திரும்பும்போது செவிலியரின் மாமியார் கேட்பாராம், “காலையிலருந்து எங்க போயிட்டு வர்ற?” அவர் அன்று பார்த்த செடிகளின் பெயர்களை லத்தீனில் சொல்லிக்கொண்டே அரிசி களைவாராம்.

தமிழுக்கு இலக்கணம் தந்ததாகச் சொல்லப்படும் அகத்தியரின் மலைக்கும் ஓர் ஆர்க்கிட் கதை உண்டு. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே செருப்பு ஆர்க்கிட், பாஃபியோபெடிலம் ட்ரூரியை, அகத்தியமலைப் பகுதியில்தான் இருக்கிறது. மஞ்சள் இதழ்களின் நடுவே பழுப்புக் கோடு, கீழிதழ் ஒரு சின்னச் செருப்பு. 1865இல் கர்னல் ட்ரூரி கண்டெடுத்தார். பிறகு அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தவர்களுக்கு 1972இல் மறுபடி கிடைத்தது. கிடைத்த செய்தி பரவியதும் சேகரிப்பாளர்கள் அள்ளத் தொடங்கினார்கள். இன்று அது மிக அருகிய இனம். செருப்பு ஆர்க்கிட் இனங்கள் அனைத்தையும் பறிப்பதும் விற்பதும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பெயரைப் பிரித்தால் பாஃபோஸ் என்ற ஊர், பெடிலம் என்ற செருப்பு. காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியின் ஊர் பாஃபோஸ். ஆக, முனிவரின் மலையில் காதல் தெய்வம் செருப்பைக் கழற்றிப் போட்டிருக்கிறாள். ஆனால் அந்த மலையின் உச்சிக்குப் பெண்கள் ஏற அனுமதியில்லாமல் இருந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2018இல் பாலின வேறுபாடு காட்டக் கூடாது என்று தீர்ப்பளித்து, 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறினார். அங்கே வாழும் காணிப் பழங்குடி மக்கள் எதிர்த்தார்கள், காணிப் பெண்களும் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. யாரோ ஒருவர் ‘கண்டுபிடித்த’ பிறகு ஒரு மலை என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். பெண்களைத் தடுத்ததால் காடு பிழைத்தது என்பதையும் நான் ஏற்க மாட்டேன். அந்தச் செருப்புப் பூவை அள்ளிப்போனவர்கள் ஏறும்போது மலைக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

எங்களுக்கும் ஒரு மரம் இருந்தது. பாதையோரத்தில், கண்ணுயரத்தில், ஒரே கிளையில் பதினோரு செடிகள். எங்களோடு சில முறை வந்த ஒருவர் எஸ்டேட்டின் பெயரோடு படத்தைப் பொதுவில் போட்டார். பாராட்டுகள் குவிந்தன. மூன்றாவது ஞாயிறு போனபோது கிளையில் உரித்த பட்டையும் அறுந்த வேர்களும்தான் இருந்தன. செவிலியர் வேர்களைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். ஆர்க்கிடின் விதை தூசியைவிட லேசானது. தனக்கென்று உணவு எதையும் சுமந்து வருவதில்லை. சரியான பூஞ்சை கிடைத்தால்தான் முளைக்கும். ஒரு காயில் ஆயிரக்கணக்கில் இருந்தும் தப்பிப் பிழைப்பவை மிகச் சில. அவை பூக்கும் வயதுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அந்தப் பதினொன்றின் கணக்கை யாராலும் ஈடுகட்ட முடியாது.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டாவது சட்டம் வந்தது: இடத்தைச் சொல்லக் கூடாது. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. எத்தனையாவது வளைவு என்றுகூடச் சொல்வதில்லை. படத்தைப் பகிரும்போது அதில் ஒட்டியிருக்கும் இடக் குறிப்பை நீக்கிவிடுவோம். புதிதாக வந்த ஓர் இளைஞர் கோபப்பட்டார், அறிவியல் என்றால் எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்றார். என் மாணவிகளுக்கு இதை விளக்க வேண்டியே இருக்கவில்லை. “ஹாஸ்டல் பேரச் சொல்லாத மாதிரிதானே மேடம்” என்றாள் ஒருத்தி. படம் போடலாம், ஊரைப் போடக் கூடாது. இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் வந்துவிடுவார்கள் என்பது அவர்களுக்கு எட்டாம் வகுப்பிலேயே தெரிந்த விஷயம்.

இந்த மௌனத்தில் எனக்கு முழு உடன்பாடு இருக்கிறது என்று சொல்ல முடியாது. இடம் சொல்லாத செடிக்காக யாரும் வாதாட முடியாது. மரத்தை வெட்ட வருகிறார்கள் என்றால், இதில் இன்னது இருக்கிறது என்று எழுதிவைத்த தாள் வேண்டும். இந்தியாவில் 1,256 ஆர்க்கிட் இனங்கள் என்று தாவரவியல் அளவாய்வு நிறுவனம் 2019இல் பட்டியலிட்டது. அந்த நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டமே எங்கள் ஏற்காட்டில் இருக்கிறது. பட்டியலில் ஏறாமல் போனது காணாமல் போனால் கேட்பாரில்லை. ஒளித்து வைத்தால் மறதி, வெளியே சொன்னால் திருட்டு. பெண்கள் தங்களைப் பற்றி எழுதும்போதும் இதே கணக்குதான். எங்கள் ஏற்பாடு எளிமையானது. நாள், மரம், உயரம், திசை, பூவின் அளவு, பார்த்தவர் பெயர் எல்லாம் காசாளர் அம்மாவின் நீள நோட்டில் இருக்கிறது. முப்பது ஆண்டு லாக்கர் சாவியை வைத்திருந்த கை. ‘பார்த்தவர்’ என்ற பத்தியில் காப்பிப் பழம் பறிக்கும் அம்மாவின் பெயர் எட்டு இடத்தில் இருக்கிறது. என் பெயர் ஆறு இடத்தில்.

அந்த அம்மா காட்டிய ஒன்றுக்கு நோட்டில் இன்னும் பெயர் இல்லை. நெர்விலியா என்ற அளவில் நிற்கிறது. கேரளத்தில் ஓரிலைத்தாமரை என்று இந்தச் செடிகளில் ஒன்றைச் சொல்வார்கள். தரையை ஒட்டி ஒரே ஓர் இலை, இதய வடிவம், விசிறி மடிப்பு. கோடை மழை தொட்டதும் மண்ணுக்குள்ளிருந்து இலையில்லாமல் பூ மட்டும் வரும். அது வாடிப்போன பிறகுதான் இலை தலைகாட்டும். இலையும் பூவும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. எந்த இனம் என்று சொல்ல இரண்டும் வேண்டும். ஆகவே இலையைப் பார்த்தவரும் பூவைப் பார்த்தவரும் ஒரே இடத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். மூன்று ஆண்டுகளாக ஆடியில் போய் இலையைப் பார்க்கிறோம். பூ நிற்பது சில நாள்தான், அது ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பதில்லை. இந்த முறை சித்திரையில் முதல் மழை பெய்த மறுநாள் செவிலியர் இரவுப் பணி முடித்து நேராக மலையேறுவதாகச் சொல்லியிருக்கிறார். காப்பிப் பழக்காரம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். “பூ வந்தா போன் போடுறேங்க டீச்சர், ஆனா டவர் கிடைக்கணும்” என்றிருக்கிறார்.